சொட்டும் குழாயை வீட்டிலேயே சரிசெய்வது எப்படி? பெங்களூரு வாடகைதாரருக்கு ஒரு பதில்

ராமமூர்த்தி நகரில் வாடகை வீட்டில் இருக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. சமையலறைக் குழாய் மூடிய பிறகும் சொட்டுகிறது. முதலில் கொஞ்சம் அழுத்தித் திருகினால் நின்றது. இப்போது முழுப் பலத்தைப் போட்டாலும் நிற்பதில்லை. வந்து பார்த்த பிளம்பர், எதையும் பிரிக்காமலே, குழாயையே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார். வீட்டு உரிமையாளரோ, சின்ன வேலைகளைக் குடியிருப்பவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறார். இதை நானே பிரித்துச் சரிசெய்ய முடியுமா, செய்யப்போய் எதையாவது உடைத்துவிட்டால் என்ன ஆகும்?

முடியும். உடைப்பதற்கும் வாய்ப்பு இருக்கிறது, ஆனால் நீங்கள் பயப்படும் இடத்தில் அல்ல. குழாய்க்குள் இருப்பவை எல்லாம் கழற்றி மாற்றுவதற்கென்றே செய்யப்பட்டவை. அவற்றில் எது கெட்டாலும் ஹார்டுவேர் கடையில் மாற்று கிடைத்துவிடும். உடைந்தால் உண்மையிலேயே செலவு வைப்பது குழாய் போய்ச் சேரும் இடம், அதாவது டைல்ஸுக்குப் பின்னால் சுவருக்குள் புதைந்திருக்கும் எல்போ என்னும் வளைவு இணைப்பு. இந்த வேலையில் கவனம் வேண்டியது அங்கேதான்.

அதற்கு முன்னால் இன்றைக்கே ஒன்று செய்யுங்கள்: இறுக்குவதை நிறுத்துங்கள். பலமுறை சுற்றி மூடும் பழைய வகைக் குழாயில், ஒரு ரப்பர் வாஷர் கீழே இறங்கிப் பித்தளை வளையம் ஒன்றின் மேல் உட்கார்ந்து தண்ணீரை அடைக்கிறது. அந்த வளையத்துக்கு சீட் என்று பெயர். வாஷர் கெட்டியாகிவிட்டாலோ அதில் மணல் துகள் பதிந்துவிட்டாலோ கசிவு தொடங்கும். நாம் இன்னும் அழுத்துவோம். வளையத்தின் விளிம்பு ரப்பருக்குள் வெட்டிக்கொண்டு இறங்கும், ஒரு வாரம் நிற்கும். பிறகு அதைவிட அழுத்த வேண்டும். கடைசியில் ரப்பர் கிழிந்து பித்தளையும் பித்தளையும் உரசத் தொடங்கும். சில ரூபாய் வாஷரோடு முடிந்திருக்க வேண்டியது இப்படித்தான் குழாயையே மாற்றும் செலவில் கொண்டுபோய் விடுகிறது. கால் சுற்றில் மூடும் புதிய வகையில் இறுக்குவதற்கு ஒன்றுமே கிடையாது. அது தன் எல்லையில் நின்றுவிடும். அதற்கு மேல் கொடுக்கும் பலம் எல்லாம் உள்ளே இருக்கும் தடுப்பையும் கைப்பிடியின் பற்களையும்தான் தின்னும்.

இனி, குழாயைத் தொடாமலே கொஞ்ச நேரம் வேடிக்கை பாருங்கள். எங்கிருந்து சொட்டுகிறது, எப்போது சொட்டுகிறது என்ற இரண்டுக்கும் விடை கிடைத்தால் எந்தப் பாகம் கெட்டிருக்கிறது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். கைப்பிடியோடு சேர்ந்து சுற்றும் உள் தண்டுக்கு ஸ்பிண்டில் என்று பெயர்; புதிய வகையில் அது செராமிக் தட்டுகளோடு வரும். மூடியிருக்கும்போது வாய் வழியாகச் சொட்டினால் வாஷர், சீட், அல்லது செராமிக் ஸ்பிண்டில். திறந்திருக்கும்போது மட்டும் கைப்பிடியின் கீழே ஈரம் கசிந்தால் வாஷருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஸ்பிண்டிலைச் சுற்றியிருக்கும் ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையமோ, பேக்கிங் என்னும் அடைப்புத் திணிப்போ தேய்ந்திருக்கிறது. இரண்டு பக்கமும் திருப்பக்கூடிய வளைந்த கழுத்துள்ள சிங்க் குழாயில், கழுத்தின் அடியில் கசிந்தால் அங்கே இருக்கும் ஓ-ரிங். சுவரோடு குழாய் சேரும் இடத்தில் ஈரம் இருந்தால் மரை இணைப்பு.

மூடியவுடன் இரண்டு மூன்று நிமிடம் சொட்டிவிட்டுத் தானாக நிற்கிறதா? அது கோளாறே இல்லை. வளைந்த கழுத்துக்குள்ளோ ஷவர் தலைக்குள்ளோ தேங்கிய தண்ணீர் வடிகிறது. ஷவர் சொட்டுகிறது என்று கூப்பிடுபவர்களில் ஒரு பகுதியினரின் பிரச்சினை இதுதான், இதற்கும் ஸ்பிண்டில் மாற்றிக் கொடுத்துக் காசு வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

நேரத்தையும் கவனியுங்கள். பகலில் ஒழுங்காக இருந்து இரவில் சொட்டினால், அல்லது அபார்ட்மென்டில் பிரஷர் பம்ப் ஓடும்போது மட்டும் சொட்டினால், அழுத்தம் கூடும்போது பலவீனம் வெளியே தெரிகிறது என்று பொருள். மொட்டைமாடித் தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்கும் குழாய்க்கும் 10 மீட்டர் உயரம் இருந்தால் அழுத்தம் ஏறக்குறைய 1 பார். மேல்மாடியில், தொட்டிக்கு மூன்று மீட்டர் கீழே இருக்கும் குழாயில் அது 0.3 பார்தான். அதனால்தான் ஒரே வயதுள்ள குழாய்களில் தரைத்தள வீட்டினுடையது முதலில் சொட்டத் தொடங்குகிறது. மேல்மாடிக்காரர் நல்ல குழாய் வாங்கியிருக்கிறார் என்று நினைத்துப் பொறாமைப்பட வேண்டாம்.

எவ்வளவு வீணாகிறது என்று தெரிய வேண்டுமானால், ஒரு டம்ளரை அடியில் வைத்துப் பத்து நிமிடம் கழித்து மருந்துக்குப்பியோடு வரும் அளவு மூடியால் அளந்து பாருங்கள். 100 மில்லி சேர்ந்தால் நாள் ஒன்றுக்கு 14.4 லிட்டர், மாதத்துக்கு 432 லிட்டர். தண்ணீர்க் கேன் கணக்கில் இருபத்தொன்றுக்கு மேல். 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, டேங்கருக்காகக் காத்திருந்தவர்களுக்கு இந்தக் கணக்கின் எடை தெரியும். காவிரித் தண்ணீர் இந்த ஊருக்குத் தானாக ஓடி வருவதுமில்லை. தொரேகாடனஹள்ளியில் தொடங்கி, ஹாரோஹள்ளி, தாதகுனி என்று வழியில் மறுபடியும் மறுபடியும் பம்ப் செய்து, சுமார் 100 கிலோமீட்டர் தூரத்துக்கும் ஏறக்குறைய அரை கிலோமீட்டர் உயரத்துக்கும் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். அப்படி வந்த தண்ணீரை நாம் மறுபடியும் சம்பிலிருந்து மாடிக்கு மோட்டார் போட்டு ஏற்றுகிறோம். அந்தத் தண்ணீர்தான் சிங்க்கில் சொட்டிக்கொண்டிருக்கிறது.

சொட்டுவதற்குக் காரணமும் பெரும்பாலும் இந்த ஊர்த் தண்ணீர்தான். போர்வெல் தண்ணீரும் டேங்கர் தண்ணீரும் கடினத்தன்மை மிகுந்தவை. குழாயின் வாயில் வெள்ளையாகப் பூத்து நிற்கிறதே, அதே சுண்ணாம்புப் படிவம் உள்ளேயும் இருக்கிறது. சம்பும் தொட்டியும் கழுவிய அடுத்த வாரத்தில் வீட்டில் ஏதாவது ஒரு குழாய் சொட்டத் தொடங்குவதையும் பார்த்திருப்பீர்கள். கலங்கிய மண்ணும் மணலும் பைப்பில் இறங்கி, மூடும் பரப்புகளுக்கு நடுவே மாட்டிக்கொள்கின்றன. தொட்டி கழுவிய பிறகு முதலில் பக்கெட் வைக்கும் பெரிய குழாயை நன்றாகத் திறந்துவிட்டு, தண்ணீர் தெளிந்த பிறகு மற்றவற்றைத் திறந்தால் இதில் பாதி குறையும்.

இப்போது வேலைக்கு வருவோம். தண்ணீரை நிறுத்துவது முதல் வேலை, பலரும் சறுக்குவதும் இங்கேதான். வாஷ்பேசினுக்குக் கீழே ஆங்கிள் காக் என்னும் சின்ன வால்வு இருக்கும். அதை மூடினால் போதும். சுவரிலிருந்து நேராக வரும் சமையலறைக் குழாய்க்கு அது இருக்காது. குளியலறையிலோ சமையலறையிலோ சுவரில் பதித்த கன்சீல்டு வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் மொட்டைமாடியில் தொட்டியிலிருந்து இறங்கும் பைப்பில் உள்ள வால்வு. பல வீடுகள் உள்ள கட்டடத்தில் எந்த வால்வு யாருடையது என்பது வாட்ச்மேனுக்கோ தண்ணீர் விடும் ஆளுக்கோதான் தெரியும். ஊகித்து மூடினால் சோப்பு போட்டுக்கொண்டிருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் உங்களை வாழ்த்த மாட்டார். நெடுநாள் தொடாத கேட் வால்வை ஒரேயடியாகத் திருகாதீர்கள். முன்னும் பின்னுமாக அசைத்து அசைத்து மூடுங்கள். முழுதாக மூடிய பிறகும் தண்ணீர் மெல்லிய நூலாக வந்தால் பரவாயில்லை, கீழே ஒரு வாளி வைத்துச் சமாளிக்கலாம். அதைவிட அதிகமாக வந்தால் அன்றைக்கு வேலையைத் தொடங்காதீர்கள்.

சுடுதண்ணீர்ப் பக்கக் குழாயானால் கீசரை அணைத்துவிட்டு, அதற்குள் போகும் தண்ணீரையும் நிறுத்துங்கள். அந்தப் பக்கம் சொட்டும் குழாய் மின்சாரக் கட்டணத்தையும் சேர்த்துச் சொட்டுகிறது என்பதால் அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

தண்ணீர் நின்றதும் குழாயைத் திறந்து மிச்சத்தை வடியவிடுங்கள். சிங்க்கின் ஓட்டையை ஒரு பழைய துணியால் அடையுங்கள். கைப்பிடியைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்க்ரூ கையிலிருந்து நழுவினால் நேராகத் தேடிப்போகும் இடம் அந்த ஓட்டைதான். தேவையானவை: வாய் அகலத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஸ்க்ரூ ஸ்பேனர், ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் ஒன்று, தட்டையான மெல்லிய ஸ்க்ரூடிரைவர் ஒன்று, பழைய பல்துலக்கும் பிரஷ், கொஞ்சம் வினிகர். ஒற்றை லீவர் வகைக்கு ஆலன் கீ என்னும் ஆறுமுகச் சாவி. கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றிய வரிசையிலேயே ஒரு தட்டில் அடுக்கி, போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கைப்பிடியின் மேல் சிவப்பாகவோ நீலமாகவோ ஒரு சின்ன மூடி இருக்கும். அதை மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் உள்ளே ஸ்க்ரூ தெரியும். அதைக் கழற்றிக் கைப்பிடியை நேராக மேலே இழுக்க வேண்டும். வரவில்லையா? சுண்ணாம்பு பிடித்திருக்கிறது. சுத்தியலை எடுக்காதீர்கள். வினிகரில் நனைத்த துணியைச் சுற்றி அரை மணிநேரம் விட்டுவிட்டு, இடமும் வலமுமாக மெல்ல அசைத்து இழுங்கள். கைப்பிடி வந்த பிறகு, சிலவற்றில் அலங்கார உறை ஒன்று இருக்கும். கையால் திருகினாலே கழன்றுவிடும். அதற்கு அடியில் தெரியும் ஆறுமுக நட்டுதான் ஸ்பிண்டிலின் கழுத்து.

இங்கே நிதானம். அந்த நட்டை இடப்பக்கமாகத் திருகிக் கழற்றும்போது உங்கள் பலம் நட்டில் மட்டும் நிற்காது. குழாயின் உடல் வழியாகச் சுவருக்குள் போகும். புதிய கட்டடங்களில் சுவருக்குள் இருப்பது பிளாஸ்டிக் பைப்பும் அதில் பித்தளை மரை வைத்த எல்போவும். ஐம்பது ஆண்டு பழைய அல்சூர் வீடு போன்றவற்றில் துருப்பிடித்த இரும்பு பைப். இரண்டுமே பக்கவாட்டு நெம்புதலைத் தாங்காது. ஆகவே ஒரு கையால் ஸ்பேனரைப் பிடித்து இழுக்கும்போது மறுகையால் குழாயின் உடலை எதிர்ப்பக்கமாக அழுத்திப் பிடியுங்கள். குழாய் மயிரிழைகூட அசையக் கூடாது. கைப்பலம் போதவில்லையென்றால் உடலில் துணியைச் சுற்றி இன்னொரு ஸ்பேனரால் இன்னொருவர் பிடிக்கட்டும். நட்டு பிடிவாதமாக இருந்தால் மறுபடியும் வினிகர், அல்லது துரு இளக்கும் ஸ்பிரே, ஒரு மணிநேர ஓய்வு. அப்படியும் குழாயின் உடல்தான் அசைகிறது, நட்டு அசையவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட்டுப் பிளம்பரை அழைக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நட்டு இளகிவிட்டால் ஸ்பிண்டில் முழுதாகக் கையில் வந்துவிடும். அதைப் பார்த்தால் உங்கள் குழாய் எந்த வகை என்பது தெரிந்துவிடும்.

நீளமான மரையும், அடியில் கறுப்பு ரப்பர் வட்டமும் இருந்தால் பழைய வகை. சிலவற்றில் வாஷரோடு சேர்ந்த பித்தளைத் துண்டு ஸ்பிண்டிலோடு வராமல் குழாய்க்குள்ளேயே தங்கிவிடும், விரலால் எடுக்கலாம். அந்த ரப்பரைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் வட்டமாகக் கத்தியால் கீறியது போல ஒரு பள்ளம், ஓரிடத்தில் விளிம்பு பிய்ந்து, விரலில் கறுப்பு மை ஒட்டும். உங்கள் சொட்டு முழுவதும் அந்தப் பிய்ந்த ஓரத்தின் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. சின்ன நட்டையோ ஸ்க்ரூவையோ கழற்றி, அதே அளவில் புது வாஷர் போடுங்கள். வீட்டுக் குழாய்கள் பெரும்பாலும் அரை அங்குலம், அதாவது 15 மில்லிமீட்டர் வகை என்றாலும் வாஷரின் தடிமனும் துளையும் மாறுபடும். கொண்டுபோய்க் காட்டி வாங்குவதே சரி. ஞாயிறு இரவு, கடை எதுவும் திறந்திருக்கவில்லை என்றால், அதே வாஷரைக் கழற்றிப் பள்ளமில்லாத மறுபக்கம் கீழே வரும்படி மாட்டினால் சில நாட்களுக்குத் தாங்கும்.

வாஷர் போடுவதற்கு முன் குழாய்க்குள் டார்ச் அடித்து சீட்டைப் பாருங்கள். சுண்டுவிரலை விட்டு விளிம்பைத் தடவியும் பாருங்கள். வழுவழுப்பாக இருந்தால் நல்லது. மேலே வெள்ளைப் படிவம் மட்டும் இருந்தால் வினிகரும் பிரஷும் போதும். விரலில் நெருடும் ஒரு வெட்டு, குறுக்கே ஒரு வாய்க்கால் போல இருந்தால், அது நெடுநாள் கசிந்த தண்ணீர் பித்தளையை அரித்த தடம். புது வாஷர் போட்டாலும் அந்த வாய்க்கால் வழியே தண்ணீர் வரும். சீட்டை மறுபடி மட்டமாக வெட்டும் கருவி ஒன்று உண்டு, ஆனால் ஒற்றைக் குழாய்க்காக அதை வாங்குவது வீண். கட்டடத்தில் பழைய குழாய்கள் நிறைய இருந்தால் குடியிருப்போர் சங்கமே ஒன்று வாங்கி வைக்கலாம். இல்லையென்றால் இந்த இடத்தில் உங்கள் பிளம்பர் சொன்னதுதான் சரி: குழாயை மாற்ற வேண்டும். அவரை ஏமாற்றுக்காரர் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. வாஷர் போட்டுவிட்டுப் போய், மறுவாரம் சொட்டுகிறது என்று நீங்கள் திட்டுவதைவிட, ஒரே தடவையில் மாற்றிவிட்டுப் போவது அவருக்கு லாபம். உங்களுக்கு அந்த அவசரம் இல்லை.

கையில் வந்தது குட்டையான, அடியில் ரப்பர் வளையமும் உள்ளே வெள்ளைத் தட்டும் தெரியும் உருளை என்றால் அது செராமிக் வகை. கால் சுற்றிலோ அரைச் சுற்றிலோ மூடும் குழாய்கள் இவை. துளையிட்ட இரண்டு தட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிச் சுற்றுகின்றன. துளைகள் நேராக வந்தால் தண்ணீர், விலகினால் அடைப்பு. தட்டுகள் எளிதில் தேய்வதில்லை. நடுவே மணல் மாட்டிக் கீறல் விழுவதும், சுண்ணாம்பு படிவதும், அடியில் உள்ள ரப்பர் வளையம் தட்டையாகிவிடுவதுமே காரணங்கள். ரப்பர் வளையத்தை மட்டும் எடுத்துவிட்டு, உருளையை வினிகரில் ஒரு மணிநேரம் போட்டுப் பிரஷால் தேய்த்துக் கழுவிப் பாருங்கள். கத்தியாலோ ஊசியாலோ சுரண்டாதீர்கள்; கண்ணுக்குத் தெரியாத கீறல்கூடத் தண்ணீருக்குப் பாதைதான். கழுவியும் நிற்கவில்லை என்றால் ஸ்பிண்டிலையே மாற்றிவிடலாம். இதைப் பழுது பார்ப்பது என்று எதுவும் கிடையாது, மாற்றுவதுதான்.

ஒற்றை லீவரைத் தூக்கித் திறந்து, இடம் வலம் திருப்பிச் சூடு குளிர் கலக்கும் குழாயிலும் இதே தத்துவம். உள்ளே கார்ட்ரிட்ஜ் என்று ஒன்று இருக்கும். 35 அல்லது 40 மில்லிமீட்டர் அகலத்தில் வருபவை அதிகம். லீவரின் அடியில் அல்லது பின்புறம் உள்ள சின்ன மூடிக்குப் பின்னால் ஆலன் ஸ்க்ரூ இருக்கும். அதை முழுதாக வெளியே எடுக்காமல் தளர்த்தினாலே லீவர் வந்துவிடும்.

கடையில் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் தோற்றுத் திரும்புவது அங்கே. 'அரை அங்குல ஸ்பிண்டில் கொடுங்கள்' என்று வாயால் கேட்டு வாங்கிவந்தால் பத்துக்கு ஐந்து தடவை பொருந்தாது. நீளம் வேறு, மரையின் அகலம் வேறு, கைப்பிடி மாட்டும் பற்களின் எண்ணிக்கை வேறு, திறக்கும் திசையும் வேறு. சூடு ஒரு பக்கம், குளிர் ஒரு பக்கம் என்று இரட்டைக் கைப்பிடி உள்ள குழாயில் ஒன்று வலப்பக்கமும் மற்றது இடப்பக்கமும் திறக்கும். பழைய ஸ்பிண்டிலையும் கைப்பிடியையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். விவரம் தெரிந்த கடைக்காரர் டப்பாவைக் கவிழ்த்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பழையதோடு முதுகோடு முதுகாக வைத்துப் பார்ப்பார். பிறகு கைப்பிடியை அதன் மேல் மாட்டி ஒரு சுற்று சுற்றுவார். ஆட்டமில்லாமல் உட்கார்ந்தால்தான் கொடுப்பார். நீங்களும் அதைச் செய்து பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பிரபல நிறுவனக் குழாயானால் அந்த நிறுவனத்தின் பாகமே வாங்குவது நல்லது. பக்கத்துக் கடையில் இல்லையென்றால் எஸ்.ஜே.பி. ரோடு பக்கம் போனால் கிடைக்கும். கன்னடத்தில் கேட்க வேண்டுமா என்று தயங்க வேண்டாம். பழைய ஸ்பிண்டிலைக் கவுன்டர் மேல் வைத்தாலே போதும்.

திரும்பி வந்து மாட்டும்போது மூன்று நுணுக்கங்கள். பழைய வகை ஸ்பிண்டிலை முதலில் திறந்த நிலைக்குச் சுற்றி வைத்துவிட்டு உள்ளே இறக்குங்கள். மூடிய நிலையில் வைத்து நட்டை முடுக்கினால் புது வாஷரை சீட்டின் மேல் நசுக்கிவிடுவீர்கள். ஓ-ரிங்குகளில் சிலிக்கான் கிரீஸ் கொஞ்சம் தடவுங்கள். அது இல்லையென்றால் வெறும் தண்ணீரில் நனைத்துப் போடுங்கள். வாகனக் கிரீஸோ தேங்காய் எண்ணெயோ வேண்டாம். சில ரப்பர்கள் எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். நட்டைக் கையால் முடியும்வரை திருகி, பிறகு ஸ்பேனரால் கொஞ்சம் மட்டும் முடுக்குங்கள். மரை இணைப்புகளில் சுற்றும் மெல்லிய வெள்ளை டெஃப்லான் டேப்பை இங்கேயும் சுற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன். தேவையில்லை, ஸ்பிண்டிலின் அடைப்பு ரப்பரில் இருக்கிறது, மரையில் இல்லை.

கைப்பிடியின் கீழே கசிவது உங்கள் பிரச்சினை என்றால் வேலை இன்னும் சுலபம். பழைய வகையில் ஸ்பிண்டிலின் மேல்புறம் ஒரு சின்ன நட்டு பேக்கிங்கை அழுத்திப் பிடித்திருக்கும். அதைக் கொஞ்சம் இறுக்கினாலே நின்றுவிடுவது உண்டு. குழாய் விஷயத்தில் இறுக்குவது மருந்தாவது இந்த ஒரே இடத்தில்தான். நிற்கவில்லை என்றால் நட்டைத் தூக்கி, டெஃப்லான் டேப்பை நூலாக முறுக்கி ஸ்பிண்டிலைச் சுற்றி அடைத்து மறுபடி முடுக்குங்கள்.

தண்ணீரைத் திரும்ப விடும்போது குழாயைப் பாதி திறந்து வைத்திருங்கள். மாடி வால்வை மெல்லத் திறங்கள். பைப்பில் புகுந்த காற்று முதலில் சீறிக்கொண்டு வரும், பிறகு கலங்கல் வரும். குழாயின் வாயில் ஏரேட்டர் என்னும் வலை மூடி இருந்தால் அதை முன்பே கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் அந்த மண் எல்லாம் வலையில் சேர்ந்து, சொட்டு நின்றது, வரத்தும் நின்றது என்று ஆகிவிடும். 2024 மார்ச்சில் குடிநீர் வாரியம் அபார்ட்மென்டுகளுக்கும் வணிகக் கட்டடங்களுக்கும் ஏரேட்டரைக் கட்டாயமாக்கிய பிறகு பல வீடுகளில் அதை மாட்டினார்கள். அதற்குப் பிறகு கழற்றிக் கழுவியவர்கள் குறைவு. கடினத் தண்ணீர் உள்ள வீட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது கழுவ வேண்டும். கலங்கல் தெளிந்ததும் மூடிப் பாருங்கள். பழைய வாஷர் பழக்கத்தில் கை தானாக அழுத்தப் போகும். புது வாஷருக்கு இரண்டு விரல் பலம் போதும்.

சுவரோடு சேரும் இடத்தில் கசிவு என்றால் குழாயையே முழுதாகத் திருகி வெளியே எடுத்து, பழைய டேப்பைச் சுத்தமாக நீக்கி, மரையின் முனை உங்களைப் பார்க்கும்படி பிடித்து, கடிகாரம் சுற்றும் திசையில் புது டெஃப்லான் டேப்பை இழுத்துச் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போதே டேப் பிரிந்துபோகும். குழாயின் வாய் கீழ்நோக்கி நிற்கும் இடத்தில் திருகலை நிறுத்துங்கள். கொஞ்சம் தாண்டிவிட்டால் பின்னால் திருப்பாதீர்கள், கழற்றி மறுபடி டேப் சுற்றுங்கள். சொல்வதற்கு இது எளிது. ஆனால் மேலே சொன்ன எல்போ ஆபத்து முழுவதும் இந்த வேலையில்தான் இருக்கிறது. பிளாஸ்டிக் எல்போவை அளவுக்கு மேல் முடுக்கினால் அது அன்றைக்கே சொல்லாது. சுவர் சில மாதம் கழித்து ஈரமாகித்தான் சொல்லும். முதல்முறை செய்பவர் ஸ்பிண்டில்வரை தன் கையால் செய்துவிட்டு, இதை மட்டும் பிளம்பரிடம் விடுவது புத்திசாலித்தனம். குழாயைத் தொடாதபோதும் டைல்ஸுக்குப் பின்னால் ஈரம் தெரிந்தால் அது குழாய்ப் பிரச்சினையே அல்ல.

கடைசியாக, வீட்டு உரிமையாளர். வாஷரும் ஸ்பிண்டிலும் குடியிருப்பவர் பார்த்துக்கொள்ளும் செலவு என்று அவர் சொல்வது வழக்கத்தில் உள்ளதுதான், அதற்காகச் சண்டை வேண்டாம். உங்கள் வாடகை ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதன்படி நடந்துகொள்ளுங்கள். ஆனால் சீட் அரித்துப்போய்க் குழாயையே மாற்ற வேண்டும் என்றால், அது பெரும்பாலும் நீங்கள் வருவதற்கு முன்பே பல ஆண்டுகள் நடந்த தேய்மானம். ஸ்பிண்டிலைக் கழற்றிய நிலையில் டார்ச் வெளிச்சத்தில் சீட்டைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பிவிட்டு, பாதியாவது தரச் சொல்லிக் கேளுங்கள். காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடித்தம் செய்யும் பேச்சு வந்தால் அந்தப் படமும் கடை பில்லும் பயன்படும். சுவருக்குள் கைவைக்க வேண்டிய நிலை வந்தால் மட்டும் அவர் எழுத்தில் சரி என்று சொல்லும்வரை ஸ்பேனரைத் தொடாதீர்கள். அதுவரை அடியில் ஒரு வாளி இருக்கட்டும், சேரும் தண்ணீரில் பாத்திரம் கழுவிக்கொள்ளலாம்.